சாமி குத்தம்னு சொல்லி வாங்கிய கையெழுத்து

ஆவணியில் இருந்து என் வக்கீல் ஆபீஸுக்கு வந்த இது மூன்றாவது கேஸ். தாராபுரம் பக்கத்துத் தோட்டத்துச் சாளையில் இருந்து அறுபது தாண்டிய அம்மா ஒருவர் மகளோடு வந்தார். உள்ளே வருமுன் செல்போனை அணைத்து வண்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "நாம எங்க பேசினாலும் அங்க கேட்டுருமுங்க தம்பி."

மஞ்சப்பையில் இருந்து வெளியே வந்தது தான செட்டில்மென்ட் பத்திரத்தின் ஜெராக்ஸ். மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு, கிணற்றில் பாதி, கரண்ட் சர்வீஸ் எல்லாம் அருள்வாக்கு சொல்பவரின் தம்பி பேருக்குப் போயிருந்தது.

மகனுக்கு வயது 36, பொண்ணு அமையவில்லை. நம்ம பக்கம் இந்தக் கவலை இல்லாத வீடு எத்தனை? அருள்வாக்கு கேட்க வெள்ளிக்கிழமை டோக்கன் வாங்கி உட்கார்ந்தால், பக்கத்தில் ஒரு பெண் "உங்களுக்கு என்னங்க்கா கஷ்டம்?" என்று பரிவாகக் கேட்பார். பங்காளித் தகராறு, மாமியார் விட்ட சாபம் எல்லாம் அரைமணியில் சொல்லி முடித்துவிடுவோம். உள்ளே போனதும் அதுவே வாக்காக வரும்போது உடம்பு சிலிர்க்கும். அன்றைக்கே பயம் குடியேறிவிடும். எதிர்த்துக் கேட்டவர் வீட்டில் ஒரு விபத்து நடந்தால் போதும், ஆறு மாசத்துக்கு அதையே சொல்லிக் காட்டுவார்கள்.

அதிகாரம் அருள் வருகிறவரிடம் மட்டும் இருப்பதில்லை. டோக்கன் கொடுப்பவர், "உங்க மேல கோவமா இருக்காங்க" என்று சேதி கொண்டு வருபவர், முன்வரிசையில் யார் உட்காரலாம் என்று சொல்பவர் கையில்தான் பாதி இருக்கிறது. அவர்களும் ஒரு காலத்தில் அழுதுகொண்டு வந்தவர்கள். அடுத்தவர் வீட்டு ரகசியத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் முன்வரிசைக்கு வந்திருக்கிறார்கள்.

இதைவிட எனக்கு எரிச்சல் தருவது ஒரு பேச்சு. "அவங்களா விரும்பித்தானே கையெழுத்துப் போட்டாங்க, இனி என்ன பண்ண முடியும்?" ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள், படித்த மருமகன் சொல்கிறார், பத்திரம் எழுதுகிறவரே சொல்கிறார். கத்தியைக் காட்டினால்தான் மிரட்டலா? "எழுதிக் கொடுக்கலைன்னா பையன் தங்கமாட்டான்" என்பதற்குப் பேர் என்ன? ஒருவர் மனதை ஆட்டிவைக்கும் இடத்தில் இருப்பவர் அதை வைத்து அநியாய ஆதாயம் அடைந்தால், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 16வது பிரிவு அதைத் தகாத செல்வாக்கு என்கிறது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 126வது பிரிவுப்படி தானப் பத்திரத்துக்கும் இது பொருந்தும். மறுமையில் ஆன்மாவுக்கு நல்லது என்று சொல்லிச் சீடரின் சொத்து முழுவதையும் குரு எழுதி வாங்கிய வழக்கில், 1890லேயே அலகாபாத் உயர்நீதிமன்றம் அந்தத் தானம் செல்லாது என்றது. பேரம் அநியாயமாகத் தெரிந்தால், நியாயமாகத்தான் வாங்கினேன் என்று நிரூபிக்க வேண்டியவர் எழுதி வாங்கியவர். தயவுசெய்து இதை ஊரில் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

நானும் வருஷம் தவறாமல் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிறவன். எங்கள் கோயிலில் சாமியின் உத்தரவுக்குப் பூ கேட்போம். பூ வரவில்லை என்றால் இன்னொரு நாள் கேட்போம். மூலப்பத்திரத்தை யாரும் கேட்டதில்லை.

மூலப்பத்திரத்தைப் பரிகாரத்துக்கு என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். "வீட்டுல யாருக்கும் சொல்லாதீங்க" என்ற பேச்சு வந்த அன்றைக்கே எழுந்து வந்துவிடுங்கள். கையெழுத்துப் போட்டாயிற்றா? நீங்களாகப் போய் ரத்துப் பத்திரம் எழுதிப் பயனில்லை. சிவில் கோர்ட்டில்தான் ரத்து செய்ய வேண்டும். விவரம் தெரிந்த நாளில் இருந்து 3 ஆண்டுதான் கெடு. பயம் தெளியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். தெய்வ கோபம் வரவைப்பேன் என்று சொல்லிக் காரியம் சாதிப்பது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 354வது பிரிவில் குற்றம், ஓராண்டு வரை சிறை உண்டு.

பிள்ளைகளுக்கு ஒன்று. அம்மாவைக் கிறுக்கு என்று திட்டாதீர்கள். திட்டினால் அவர் போய் உட்காரும் இடம் அதே வரிசைதான். அந்த அம்மா என்னிடம் மூன்று முறை கேட்டார், "கேஸ் போட்டா பையனுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?" நான் சொன்ன சட்டம் எதுவும் அவர் காதில் ஏறவில்லை. மகள் நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் உட்கார்ந்து, கயிறு கட்டியிருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். வக்காலத்தில் கையெழுத்து அதற்குப் பிறகுதான் விழுந்தது.