முதுகுத் தண்ணீரில் தேடும் புற்றுநோய்

முதுகில் தண்ணீர் எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்ற பயம் எங்கள் பக்கம் நிறையப் பேருக்கு உண்டு. பொத்துவிலில் இருந்தோ வாகரையில் இருந்தோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் புற்றுநோய் கிளினிக் வருபவர்கள், புற்றுநோய் மூளையைச் சுற்றியுள்ள திரவத்துக்குப் பரவிவிட்டதா என்று பார்க்க டொக்டர் இந்தச் சோதனையைச் சொன்னதும் கலங்கிப்போவது இதனால்தான். முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாண் இடுப்புப் பகுதியின் முதல், இரண்டாம் எலும்புகளுக்கு அருகிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்கும் கீழே. அங்கே தண்ணீரில் மிதக்கும் நரம்பு இழைகள்தான் இருக்கின்றன. அவை பெரும்பாலும் ஊசிக்கு விலகிக்கொள்ளும். சிலருக்குச் சில நாட்கள் தலையிடி வரும்.

சரி, தலையில் உள்ள நோய்க்கு முதுகில் ஏன் எடுக்கிறார்கள்? மூளையையும் முண்ணாணையும் மூன்று உறைகள் போர்த்தியிருக்கின்றன. உள்ளே இருக்கும் இரண்டு உறைகளுக்கு நடுவில் ஏறக்குறைய 150 மில்லிலீற்றர் திரவம் ஓடிக்கொண்டிருக்கிறது. முதுகில் எடுக்கும் தண்ணீரும் இதுதான். மார்பு, நுரையீரல், மெலனோமா என்ற தோல் புற்றுநோய், இரத்தப் புற்றுநோய் போன்றவற்றின் கலங்கள் சிலருக்கு இந்தத் திரவத்துக்குள் புகுந்துவிடும். வயலில் பள்ளம் பார்த்து ஒதுங்கும் விதைநெல் மாதிரி, அவை மூளையின் அடியிலும் முண்ணாணின் கீழ் முனையிலும் போய்ப் படியும். அதனால்தான் தலையிடி, வாந்தி, இரட்டைப் பார்வை, முகம் கோணுதல், கால் சோர்வு, சிறுநீர் அடைப்பு என்று தொடர்பே இல்லாத மாதிரித் தொல்லைகள் சேர்ந்து வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வைத்தியம் பார்த்துக் காலத்தை விடாமல், எல்லாவற்றையும் புற்றுநோய் டொக்டரிடமே சொல்லிவிடுங்கள்.

முதலில் மூளைக்கும் முதுகு முழுவதற்கும் மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பார்கள். முதுகில் தண்ணீர் எடுத்த பிறகு ஸ்கேன் எடுத்தால், அந்த முதுகு ஊசியாலேயே உறைகள் பளிச்சென்று தெரிந்து குழப்பக்கூடும். அப்புறம்தான் திரவம் எடுத்து நுணுக்குக்காட்டியில் கலங்களைத் தேடுவது. முதல் தடவையில் நோய் உள்ளவர்களில் பாதிப்பேருக்கு அல்லது அதைவிடக் கொஞ்சம் கூடுதலானவர்களுக்குத்தான் கலங்கள் அகப்படும். இரண்டாம் தடவை எடுத்தால் அது 80 வீதம் வரை கூடும். ஆகவே “ஒன்றும் இல்லை” என்று ஒரு றிப்போட் வந்தும் டொக்டர் திரும்ப எடுக்கச் சொன்னால், தயவுசெய்து மறுக்காதீர்கள்.

நாளத்தில் ஏற்றும் மருந்துகள் பல இந்தத் திரவத்துக்குள் போதியளவு போவதில்லை. அதனால் மெதோட்றெக்சேற் போன்ற மருந்தை முதுகு வழியாக நேரே விடுவார்கள். அல்லது தலைத்தோலுக்கு அடியில் ஒரு சின்னக் குமிழைப் பொருத்தி அதற்குள் விடுவார்கள். பாகிஸ்தானைச் சேர்ந்த நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் ஆயூப் ஓமாயா 1963இல் வெளியிட்ட கருவி அது. கட்டியாகத் திரண்ட இடங்களின் ஆழத்துக்கு இந்த மருந்தும் எட்டாது, அங்கே கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும். குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ள நுரையீரல் புற்றுநோய்க்கு ஒசிமெர்டினிப் மாத்திரை திரவத்துக்குள்ளும் போய் வேலை செய்கிறது.

இது கடுமையான நோய்தான். வைத்தியம் இல்லாவிட்டால் பெரும்பாலும் சில வாரங்கள், வைத்தியத்தோடு பலருக்குச் சில மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். நோவைத் தணித்து, ஸ்டீரொயிட் மருந்தால் தலையிடியைக் குறைத்துக்கொண்டு வீட்டாரோடு இருப்பதே போதும் என்று ஒருவர் நினைக்கலாம். அதையும் டொக்டரிடம் வாய்விட்டுக் கேட்கலாம்.