திபெரி ஆறும் அதன் தெய்வமும்

ரோமாபுரியைப் பற்றிய தமிழ்க் கட்டுரை ஒன்றில் "டைபர் நதித் தேவதை" என்ற தொடரை அண்மையில் மீண்டும் படிக்க நேர்ந்தது. அதில் ஆற்றின் பெயரும் பிழை, தெய்வத்தின் பாலும் பிழை.

ரோம் நகரின் ஊடே ஓடும் இந்த ஆறு இலத்தீனில் திபெரிஸ். அதற்குரிய ஆண்தெய்வம் திபெரீனுஸ். ரோமுக்கு முந்திய பழைய நகரான ஆல்பா லோங்காவின் அரசன் திபெரீனுஸ் மூழ்கி இறந்ததால், அதுவரை ஆல்புலா எனப்பட்ட ஆற்றுக்கு இப்பெயர் வந்தது என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் லிவி. ரோமுக்கு வடக்கே வாழ்ந்த எத்துருஸ்கர் வழிவந்த பெயர் என்பாரும் அக்காலத்திலேயே இருந்தனர்.

'டைபர்' ஆங்கிலேயரின் உச்சரிப்பு. டகரம் தமிழில் மொழிமுதல் ஆகாது என்பதோடு, இலத்தீனின் ஒலியும் நம் தகரம்தான். ஈற்றிலுள்ள 'ஸ்' எழுவாய்க்குரிய விகுதி. இரண்டாம் வேற்றுமையில் அது 'திபெரிம்' ஆகிவிடும். விகுதியை நீக்கினால் எஞ்சும் 'திபெரி', 'காவிரி' போலவே நம் நாவில் இயல்பாக அமைகிறது. இதே வேர்ப்பெயர் கொண்ட ரோமப் பேரரசன் திபேரியுஸைத் 'திபேரியு' என்று எழுதிய தமிழ் விவிலியத்தார் தகரத்தைச் சரியாகவே பிடித்திருந்தனர். பின்வந்தவர்கள் ஏன் அதைக் கைவிட்டார்கள்?

'தேவதை' இருபாலுக்கும் பொது, கிராம தேவதை என்கிறோமே என்று வாதிடுவார்கள். வடமொழியில் அது எத்தெய்வத்தையும் குறிக்கும் என்பது உண்மையே. ஆனால் "தேவதை மாதிரி இருக்கிறாள்" என்று நாள்தோறும் கேட்டுப் பழகிய இன்றைய வாசகர் அச்சொல்லைக் கண்டதும் வெண்ணிற ஆடை உடுத்த இளம்பெண்ணைத்தான் நினைப்பார். ரோமக் கவிஞர் வெர்கிலின் காவியத்தில் அதன் தலைவன் ஈனியாசின் கனவில் எழும் திபெரீனுஸோ, நாணல் தலையை மூட, மெல்லிய சாம்பல்நிறத் துணி போர்த்திய முதியவர். 1512இல் ரோமில் கண்டெடுக்கப்பட்டு இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள சிலையிலும் அவர் தாடியோடு சாய்ந்து கிடக்கிறார். அருகே ரோமின் தோற்றக் கதையில் வரும் ஓநாயும், அது பாலூட்டிய இரட்டைக் குழந்தைகளும் உள்ளனர்.

காவிரியைப் பெண்ணாகவே பாடிப் பழகியதால் ஆறு என்றதும் நமக்குத் தாய் நினைவு வருவது இயல்பு. அந்தப் பழக்கத்தைப் பிறர் தெய்வத்தின்மேல் ஏற்றுவது மொழிபெயர்ப்பு ஆகாது. பிரம்மபுத்திரா என்ற ஆண்பெயர் ஆறு நம் நாட்டிலேயே இருக்கும்போது அதற்குச் சாக்கும் இல்லை. பகைவர் ரோமுக்குள் நுழையாதபடி பாலத்தைத் தனியாகக் காத்துநின்ற ரோம வீரன் ஹொராத்தியுஸ் கொக்ளெஸ் ஆற்றில் குதிக்குமுன் "திபெரீனத் தந்தையே" என்றுதான் வேண்டுகிறான். அதை "டைபர் அன்னையே" என்று பெயர்த்திருந்த ஒரு பக்கத்தைப் பார்த்தபோது எனக்கு மிகுந்த வருத்தமே உண்டாயிற்று.

ஆற்றைத் திபெரி என்றும் தெய்வத்தைத் திபெரீனன் என்றும் எழுதலாம். விளக்கம் தேவைப்படும் இடத்தில் 'ஆற்றுத் தெய்வம்' என்ற சொல் போதும்.