சொல் விளக்கம்: எஸ்கேப் சீக்வென்ஸ்

சிங்கப்பூரில், தேக்கா பக்கம் ஒரு மளிகை மொத்த வியாபாரத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய லேசர் பிரிண்டர் போய்ப் புதிது வந்த அன்று, முதல் இன்வாய்ஸின் உச்சியில், கடைப் பெயருக்கும் மேலே, நான்கு எழுத்துகள்: ஆம்பர்சண்ட், சின்ன எல், 1, பெரிய ஓ. படுக்கைவாட்டில் வரவேண்டிய படிவம் நெடுவாட்டில் வந்து, தொகைக் கட்டம் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. "அண்ணே, வைரஸ் பூந்துடுச்சா?" என்றார் டெலிவரிக்குப் போகிற தம்பி.

வைரஸ் இல்லை. அதுதான் எஸ்கேப் சீக்வென்ஸின் வால்.

இன்வாய்ஸ், டெலிவரி ஆர்டர் அச்சிடும் மென்பொருள், தாளில் விழவேண்டிய எழுத்துகளுக்கு நடுவிலேயே ‘தடித்த எழுத்துக்கு மாறு’, ‘அடுத்த தாளுக்குப் போ’ போன்ற கட்டளைகளையும் சேர்த்து அனுப்பும். இரண்டும் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதால், எதை அச்சிடுவது, எதைக் கேட்டு நடப்பது என்று பிரிண்டருக்குத் தெரிய ஓர் அடையாளம் வேண்டும். எழுத்துகளுக்கும் கட்டளைகளுக்கும் எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையின் 27-ஆம் குறிதான் அந்த அடையாளம், எஸ்கேப். அதற்குத் தாளில் உருவம் கிடையாது. நாடகப் பிரதியில் அடைப்புக்குறிக்குள் ‘அழுதுகொண்டே’ என்றிருந்தால் நடிகர் அழுவார், அந்தச் சொல்லைப் படிக்கமாட்டார். எங்கள் புதுப் பிரிண்டர் படித்துவிட்டது. அந்த நான்கு எழுத்தும் எச்பி நிறுவனம் பிரிண்டர்களுக்கு வகுத்த பிசிஎல் என்ற கட்டளை மொழியில் ‘படுக்கைவாட்டில் அச்சிடு’ என்பதன் மிச்சம். நாங்கள் வாங்கியதோ பிசிஎல் தெரியாத ரகம். உருவமில்லாத 27 காணாமல் போக, பின்னால் வந்தது தாளில் விழுந்தது.

சொல்லின் வேர் லத்தீன். ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘கப்பா’ என்றால் மேலங்கி. பிடிக்க வந்தவன் கையில் அங்கியை விட்டுவிட்டு ஆள் நழுவிவிடுவது. "ஆளு எஸ்கேப்" என்று நாம் சொல்வதும் அதேதான். கணினிக்கு வந்தபோது பொருள் சற்றுத் திரும்பியது. ஒரே குறியீட்டு அட்டவணைக்குள் எல்லாம் அடங்காது, வேறோர் அட்டவணைக்குத் தாவ ஒரு குறி வேண்டும் என்று 1960 வாக்கில் ஐபிஎம்மில் இருந்த பாப் பீமர் முன்வைத்தார். 1963-இல் வெளிவந்த ஆஸ்கியிலும் அது இடம்பிடித்தது. ஆக, இங்கே யாரும் யாரிடமிருந்தும் தப்பி ஓடவில்லை. வழக்கமான பொருளை விட்டுச் சற்றே விலகுகிறோம், அவ்வளவுதான்.

அப்புறம் ஆளுக்கொரு பேச்சு. ஊசிகளால் புள்ளி புள்ளியாக அச்சடிக்கும் எப்சன் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களின் மொழியில் 27-க்குப் பின் பெரிய இ வந்தால் தடித்த எழுத்து. 1984-இல் வந்த எச்பி லேசர்ஜெட்டின் பிசிஎல் மொழியிலோ, அதே இரண்டும் ‘எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுபோ’ என்று பொருள்படும். தடிப்பாக்கச் சொன்னால் லேசர்ஜெட் எல்லா அமைப்பையும் துடைத்துவிட்டு நிற்கும்.

சரி, தமிழில்? ‘தப்பித்தல் வரிசை’ என்று சொல்லுக்குச் சொல் வைத்தால் சிறையுடைப்புச் செய்தி மாதிரி இருக்கிறது. எஸ்கேப் விசையை ‘விடுபடு விசை’ என்பதால் ‘விடுபடு வரிசை’ என்றும் சொல்லலாம். இலக்கணப்படி குறையில்லை. ஆனால் கணக்குப் பிரிவில் ‘விடுபட்டது’ என்றால் ஒரே பொருள்தான்: யாரோ ஒரு வரியைச் சேர்க்க மறந்துவிட்டார். 2024 ஜனவரி 1-இல் பொருள் சேவை வரி 8 விழுக்காட்டிலிருந்து 9 ஆனபோது எங்கள் படிவக் கோப்பைத் திருத்திய ஒருவர், பழைய எடிட்டரில் இடப்பக்க அம்பாகத் தெரிந்த 27-ஐக் குப்பை என்று அழித்துவிட்டார். அது எங்களிடம் இருந்த டாட் மேட்ரிக்ஸுக்குத் தாள் நீளம் 33 வரி என்று சொல்லும் கட்டளையின் தலை. அங்குலத்துக்கு 6 வரி என்றால் ஐந்தரை அங்குலப் படிவத்துக்கு 33 வரி. அது போனதும் பிரிண்டர் 11 அங்குலம், 66 வரி என்றே எண்ணிக்கொண்டு, ஒன்றுவிட்டு ஒரு படிவத்தை வெறுமையாகத் தள்ளியது. இங்கே போய் ‘விடுபடு வரிசை விடுபட்டது’ என்று சொன்னால் யாருக்கு விளங்கும்?

அதனால் என் தேர்வு: 27-க்கு ‘விலகு குறி’. அந்தக் குறியும் அதைத் தொடர்ந்து வருவதும் சேர்ந்த முழுத்தொடருக்கு ‘உட்பொதி கட்டளை’. எழுத்துக்குள் பொதிந்து போவதால் இந்தப் பெயர் காரியத்தையும் சொல்லிவிடுகிறது. படிவக் கோப்பு இருக்கும் கணினியின் ஓரத்தில் இப்போது ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: "இடப்பக்க அம்பு என்பது விலகு குறி. அழிக்காதீர்கள்."