ரைமுக்கு எதுகை என்று பெயரில்லை

பெங்களூர் அல்சூரில் கவியரங்கம் நடக்கிறது என்று வையுங்கள். ஒருவர் ‘கடலிலே’ என்று ஒரு வரியையும் ‘வயலிலே’ என்று அடுத்த வரியையும் முடிப்பார். உடனே தொகுப்பாளர் ‘ஆகா, என்ன எதுகை!’ என்பார். அங்கே எதுகையே இல்லை. இரண்டாம் எழுத்து ஒன்றில் ட, மற்றதில் ய. இருப்பது இயைபு, அதாவது ஆங்கிலத்தில் ரைம் என்கிறார்களே, அடிக்கடைசியில் ஓசை ஒன்றுவது.

‘எழுவாய் எழுத்தொன்றின் மோனை, இறுதி இயைபு, இரண்டாம் வழுவா எழுத்தொன்றின் மாதே எதுகை’ என்று யாப்பிலக்கண நூலான யாப்பருங்கலக்காரிகை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டது. முதலெழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை, கடைசி ஒன்றினால் இயைபு. ‘இறுவாய் ஒன்றல் இயைபின் யாப்பே’ என்பது அதற்கும் மிக முந்திய தொல்காப்பியம். சொற்பிறப்பும் எளிது: இயை என்றால் பொருந்து, இயைபு பொருத்தம். மோனையை முகனை என்பதிலிருந்தும் எதுகையை எதிர்கை என்பதிலிருந்தும் வருவிப்பார்கள்.

மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்க ‘ஓடி விளையாடு பாப்பா’ போதும். ஓடி, கூடி என்று அடிகள் தொடங்குவது எதுகை. ஓடிக்கு ஓய்ந்திருக்க, கூடிக்குக் குழந்தையை என்று வருவது மோனை. நான்கு இடத்திலும் வந்து நிற்கும் பாப்பாதான் இயைபு. பயிற்சித்தாளில் ‘எதுகைச் சொற்களை எழுதுக’ என்று கேட்டுவிட்டு விடைக்குறிப்பில் பாப்பாவை வைத்தால், ஓடி–கூடி என்று சரியாக எழுதிய பிள்ளைக்குத்தான் மதிப்பெண் போகும்.

இப்போது ‘இறுதி எதுகை’ என்றொரு சமரசச் சொல் உலவுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதுகை என்ற சொல்லுக்குள்ளேயே இரண்டாம் எழுத்து என்ற இடம் அடங்கியிருக்கிறது. ‘இறுதி எதுகை’ என்பது ‘கடைசித் தலைமகன்’ என்பதுபோல. அதைவிடப் பெரிய சிக்கல், இரண்டுக்கும் விதி வேறு. எதுகையில் முதலெழுத்தின் அளவு ஒத்திருக்க வேண்டும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். கண்ணன்–மண்ணில் எதுகை, ஈறு வேறாக இருப்பதைப் பற்றிக் கவலையில்லை. பட்டு–பாட்டு எதுகை ஆகாது. அதே பட்டும் பாட்டும் அடிகளின் கடைசியில் நின்றால் குறையற்ற இயைபு. எதுகை என்று பெயர் வைத்துவிட்டு எதுகையின் விதியை மட்டும் வாசலில் நிறுத்துவது என்ன நியாயம்?

எண்ணும் திசையும் வேறு. நாற்சீரடியில் முதல் இரு சீரில் எதுகை வந்தால் இணை எதுகை, முதலிலும் மூன்றிலும் வந்தால் பொழிப்பு, முதலிலும் நான்கிலும் வந்தால் ஒரூஉ. இயைபுக்கும் இதே பெயர்கள்தாம், ஆனால் கடைசிச் சீரை முதலாக வைத்துப் பின்னிருந்து எண்ணுவார்கள். ‘இறுதி இணை எதுகை’ என்று எழுதினால் எந்தப் பக்கமிருந்து எண்ணுவது?

குழப்பம் எங்கே முளைக்கிறது என்றும் தெரிகிறது. மாலை–சோலை போன்ற ஈரெழுத்துச் சொற்களில் இரண்டாம் எழுத்தேதான் கடைசி எழுத்தும். அடியின் தொடக்கத்தில் வைத்தால் எதுகை, முடிவில் வைத்தால் இயைபு. இடத்தைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்க்கிறவர்கள் வழுக்குவது இங்கேதான்.

பெங்களூரில் கன்னடமும் சேர்ந்துகொள்கிறது. அங்கே பிராசம் என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ஆதிபிராசம் அடிதோறும் இரண்டாம் எழுத்தின் மெய் ஒன்றுவது, அதாவது அச்சாக நம் எதுகை. அந்த்யபிராசம் நம் இயைபு. இரண்டாம் எழுத்துப் பிராசத்தை நாகவர்மனின் கன்னட யாப்பு நூலான சந்தோம்புதி ஆறு வகையாக்கி விலங்குப் பெயர் சூட்டுகிறது. முன்னெழுத்து குறிலானால் சிங்கம், நெடிலானால் யானை. நாம் குறில் நெடில் பார்ப்பதுபோல அவர்களும் பார்த்திருக்கிறார்கள். (பெயர் சூட்டுவதில் அவர்களுக்கு ரசனை கூடுதல்.) கன்னடக் கவிஞர் மஞ்சேஸ்வரம் கோவிந்த பை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துணிந்து கைவிட்டது இந்த ஆதிபிராசத்தை. அதைத் தமிழில் ‘ரைமைக் கைவிட்டார்’ என்று எழுதினால் படிப்பவர் வரி முடிவைத்தான் நினைப்பார். எதுகை என்று எழுதவேண்டிய இடத்தில் ரைம், இயைபு என்று எழுதவேண்டிய இடத்தில் எதுகை! கவிதையை மொழிபெயர்க்கும்போதும் இதே கதைதான்: மூலத்தில் அடித் தொடக்கத்தில் இருந்த ஓசை தமிழில் அடிக்கடைசிக்கு இடம்பெயர்ந்துவிடுகிறது.

ரைமுக்கு ‘ஓசையொப்பு’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. மோனை, எதுகை, இயைபு மூன்றுமே ஓசையொப்புதானே?

ரைமை இயைபு என்பதற்கு நேர்மையான மறுப்பு ஒன்றுதான். ஆங்கில ரைமில் ஒரே சொல்லைத் திருப்பி வைத்தால் பொதுவாக மட்டம். இயைபிலோ எழுத்தும் ஒன்றலாம், அசையும் ஒன்றலாம், முழுச் சொல்லே ஒன்றலாம். இயைபின் எல்லை அகலம் என்பது உண்மை. வேறுபடுத்தியே ஆகவேண்டிய கட்டுரையில் பாப்பா–பாப்பாவைச் சொல்லியைபு என்றும், கடலிலே–வயலிலேயை எழுத்தியைபு என்றும் எழுதிக்கொள்ளலாம். தொல்காப்பியம் செய்யுளின் அழகு வகைகளான எட்டு வனப்புகளில் ஒன்றுக்கும் இயைபு என்றே பெயர் வைத்திருக்கிறது. ஆனால் அந்த இடம் இலக்கணம் படிப்பவருக்கு மட்டும்தான் தட்டுப்படும், மேடைத் தொகுப்பாளருக்கு அதனால் ஆபத்தில்லை.