சி ஷார்ப் என்னும் திறந்த துளை

"ஸ்கேல், ஆர்பெஜியோ எல்லாம் தினமும் வாசிக்கிறேன். பிறகும் ஃபோரே, டெபுஸ்ஸி என்று ஃப்ரெஞ்சுப் படைப்புகளையே ஏன் பழகச் சொல்கிறார்கள்?" மேற்கத்திய ஃப்ளூட் பயிலும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. ஸ்கேலும் ஆர்பெஜியோவும் சுரங்களை வரிசையாகவும் தாவியும் வாசிக்கும் பயிற்சிகள்; ஃபோரேயும் டெபுஸ்ஸியும் ஃப்ரெஞ்சு இசையமைப்பாளர்கள்.

பாரிஸ் கன்சர்வத்வார் இசைக் கல்லூரியில் 1893இல் பால் தஃபனேல் ஃப்ளூட் பேராசிரியரானார். அங்கே ஆண்டுத் தேர்வுக்கென்றே புதுப் படைப்புகள் எழுதப்பட்டன: ஃபோரேயின் ஃபாந்தஸி (1898), ஷமினாடின் கொன்செர்டீனோ (1902). ஃபாந்தஸி மெதுவாகத் தொடங்கி வேகமாக முடியும். வேகம் விரலைச் சோதிக்கும். அதற்கு ஸ்கேலே போதும். உதட்டைச் சோதிப்பது மெதுவான பகுதிதான்.

உதட்டிலிருந்து கிளம்பும் காற்றுத்தாரை ஊதுதுளையின் எதிர் விளிம்பில் மோதி, உள்ளும் புறமுமாக ஆடுகிறது. தாரையில் எழும் நெளிவு விளிம்பை எட்ட, சுரத்தின் அலைவு நேரத்தில் ஏறக்குறைய பாதி ஆக வேண்டும். நெளிவின் வேகமோ தாரையின் வேகத்தில் சுமார் பாதிதான். நடு சி ஷார்ப் (சி சுரத்துக்கு அரைச் சுரம் மேலே உள்ளது) நொடிக்கு 554 முறை அதிர்கிறது, அதாவது 554 ஹெர்ட்ஸ்; அரை அலைவு 0.9 மில்லி நொடி. உதட்டுக்கும் விளிம்புக்கும் 7 மி.மீ. இடைவெளி என்றால், தாரை நொடிக்குச் சுமார் 16 மீட்டர் வேகத்தில் பாய வேண்டும். ஓங்கி ஊதினால் நெளிவு முன்னதாகவே போய்ச் சேரும், சுருதி ஏறும். மெல்ல ஊதினால் இறங்கும். ஆகவே ஒலியைக் கூட்ட வேகத்தை நம்பக் கூடாது. உதட்டின் திறப்பை அகலமாக்கி, தாரையைச் சற்றுக் கீழே சாய்க்க வேண்டும். குறைக்கும்போது திறப்பைச் சுருக்கி, தாரையை மேலே தூக்க வேண்டும்.

டெபுஸ்ஸி 1894இல் அரங்கேறிய 'ஃபான்' என்ற ஆர்க்கெஸ்ட்ரா முன்னிசையை இதே சி ஷார்ப்பில்தான் தொடங்குகிறார். துணைக்கு வேறு வாத்தியம் கிடையாது, மென்மையாக வேறு வாசிக்க வேண்டும். கிட்டத்தட்ட எல்லாத் துளைகளும் திறந்திருக்கும் சுரம் இது. அதற்கான துளையோ சிறியது. வேறு சில சுரங்களை வாசிக்கும்போதும் திறந்து, காற்று வெளியேறும் வழியாக உதவ, இருக்க வேண்டிய இடத்திலிருந்து மேலே தள்ளி வைக்கப்பட்டது. ஒலி மெலிந்து, சுருதி நழுவும். குழலைப் பிடிக்க வலது கட்டைவிரல், சுண்டுவிரல், இடது ஆள்காட்டியின் அடிப்பகுதி, மோவாய் மட்டுமே மிச்சம். சாவிகளின் கனத்தில் குழல் உள்பக்கம் உருண்டால் ஊதுதுளை மூடிக்கொண்டு ஒலி மங்கும்.

சுருதியை முள்ளால் காட்டும் ட்யூனர் கருவியை வைத்துக்கொண்டு இந்தச் சுரத்தை 8 நொடி பிடியுங்கள்: மெல்லத் தொடங்கி, ஓங்கி, மீண்டும் மெல்ல. முள் அசையக் கூடாது. பிறகு ஜி சுரம் வரை அரை அரைச் சுரமாக இறங்கி, ஒலியின் நிறம் மாறாமல் திரும்பி வாருங்கள். துளையை மூடும் விரல் கூடக் கூட ஒலி தடித்துப் போனால், உதடு குழலுக்கு ஈடுகொடுக்கவில்லை என்று பொருள்.

இதற்குத் தங்கக் குழல் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1971இல் இயற்பியலாளர் ஜான் கோல்ட்மன் வெள்ளி, செம்பு, மரம் மூன்றிலும் ஒரே உள்ளளவில் குழல் செய்து, பார்க்காமல் கேட்கவைத்தார். கேட்டவர்களால் பிரித்தறிய முடியவில்லை. உலோக நம்பிக்கை ராசிக்கல் நம்பிக்கைக்குத் தம்பி முறை.

டெபுஸ்ஸியின் 'சிரின்க்ஸ்' (1913) தனிக்குழலுக்கானது. அதன் கடைசிச் சுரம் டி ஃப்ளாட், அதாவது அதே சி ஷார்ப் ஒரு ஸ்தாயி கீழே. இங்கே ஏறக்குறைய எல்லாத் துளைகளும் மூடியிருக்கும், ஒலியோ தேய்ந்து மறைய வேண்டும். அரை அலைவு 1.8 மில்லி நொடியாக நீள்வதால் மெதுவான தாரையே போதும். ஆனால் வேகம் கொஞ்சம் அதிகமாகக் குறைந்தாலும் ஒலி பட்டென்று அறுந்துவிடும். திறப்பு சுருங்கிக்கொண்டே போனாலும் வேகம் தங்க வேண்டும். ஆகவே வயிற்றின் அழுத்தத்தைக் கடைசி வரை விடாதீர்கள்.