தேன்சிட்டு படத்தில் ஏன் கறுப்பாக வருகிறது?

காவிரிப் படுகையில் கொல்லை உள்ளவர்கள் பறவைப் படம் எடுக்க ஊர் ஊராக அலைய வேண்டாம். வாழை குலை தள்ளினால் போதும், தேன்சிட்டு தானாக வரும். முருங்கை பூத்தாலும் வரும், இட்லிப்பூவுக்கும் செம்பருத்திக்கும் வரும். வாழைப்பூவின் மடல் ஒன்று விரிந்து மேலே சுருண்டதும் அதற்கடியில் வரிசையாகப் பூக்கள் தெரியும். ஆண் ஊதாத் தேன்சிட்டு அந்த மடலைப் பற்றித் தலைகீழாகத் தொங்கியபடி, வளைந்த அலகை ஒவ்வொரு பூவாக விட்டு எடுக்கும். தலை பச்சையாக மின்னும். கொஞ்சம் திரும்பினால் நீலம், இன்னும் திரும்பினால் ஊதா. ஆசையாகப் படம் எடுத்துப் பார்த்தால் அதில் இருப்பதோ வெறும் கறுப்புக் குருவி.

இந்த ஏமாற்றத்தில் பலர் விலை கூடின லென்ஸ் தேடிக் கிளம்புகிறார்கள். அதற்கு முன் அந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பணம் மிச்சமாகும்.

மாங்குயிலின் மஞ்சளை எடுத்துக்கொள்வோம். அது கரோட்டினாய்டு என்ற நிறமி. பறவையின் உடல் அதைத் தானே உண்டாக்குவதில்லை; தின்னும் பழத்திலும் பூச்சியிலும் இருந்து எடுத்து இறகில் சேர்க்கிறது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் மஞ்சள் மஞ்சள்தான். தேன்சிட்டின் பச்சைக்கும் ஊதாவுக்கும் அப்படிப்பட்ட நிறமி கிடையாது. அதன் இறகில் இருப்பது மெலனின், அதாவது நம் தலைமுடிக்குக் கறுப்பு தரும் அதே பொருள்.

பிறகு மினுமினுப்பு எப்படி? இறகின் தண்டிலிருந்து இழைகள் பிரிகின்றன, ஒவ்வொரு இழையிலிருந்தும் நுண்ணிழைகள் பிரிகின்றன. தேன்சிட்டின் நுண்ணிழைக்குள் மெலனின் சின்னச் சின்னத் தட்டுகளாக, நடுவே கெரட்டின் (நம் நகத்திலும் முடியிலும் உள்ள புரதம்) வைத்து, அடுக்கடுக்காக இருக்கிறது. ஒரு தட்டின் தடிமன் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒளி இந்த அடுக்கில் விழும்போது மேல்தட்டிலிருந்து கொஞ்சம் திரும்புகிறது, அடுத்த தட்டிலிருந்து கொஞ்சம், அதற்கடுத்ததிலிருந்து கொஞ்சம். இப்படித் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று சேரும்போது சில நிறங்களின் முகடும் முகடும் பொருந்திப் பலமாகின்றன; மற்ற நிறங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மழை பெய்த ரோட்டில் சிந்திய பெட்ரோல் வானவில் காட்டுவதும் இதே கணக்கில்தான். அங்கே ஒரே ஒரு படலம், இங்கே பல அடுக்கு. அதனால் இங்கே நிறம் அவ்வளவு அழுத்தம்.

எந்த நிறம் பலமாகும் என்பதை அடுக்கின் தடிமனும் ஒளி விழும் கோணமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. நேராக விழுந்து நேராகத் திரும்பும்போது நீண்ட அலைநீளம் பொருந்தும், சாய்வு கூடக்கூடக் குட்டை அலைநீளம் பொருந்தும். பச்சையாக இருந்த தலை, குருவி திரும்பியதும் நீலமாகி ஊதாவாவது இதனால்தான். கோணம் அடியோடு தவறினால், திரும்பிய ஒளி உங்கள் பக்கமே வராமல் வேறு திசையில் போய்விடும். மிச்ச ஒளியை மெலனின் விழுங்கிவிடும். அப்போது கேமராவுக்குக் கிடைப்பது கறுப்பு மட்டும். படம் பொய் சொல்லவில்லை, அந்த இடத்தில் நின்றால் பறவை உண்மையிலேயே கறுப்புதான்.

இதைக் கையில் வைத்தே சோதிக்கலாம். கோயில் வாசலில் விற்கும் மயிலிறகு ஒன்று வாங்கி, வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி பிடியுங்கள்: பச்சையும் நீலமும் ஜொலிக்கும். அப்படியே திரும்பி, இறகை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அதன் வழியாகப் பாருங்கள்: பழுப்புதான் தெரியும். மயிலிலும் மெலனின் குச்சிகளின் ஒழுங்கான அடுக்கு வேலை செய்கிறது.

வயல் ஓரத்து மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடையின் நீலம் வேறு வகை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சர் சி.வி. ராமன், பனங்காடையின் இறகை ஆராய்ந்து, பறவை இறகுகளின் நிறம் பற்றி 1934-ல் கட்டுரை எழுதினார். கடல் நீலத்தைப் பற்றி யோசித்த மனிதர் கம்பிமேல் இருந்த நீலத்தையும் விட்டுவைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் பெரும் சந்தோஷம். பனங்காடையின் இழைக்குள் கெரட்டினும் காற்றும் கலந்த, நுண்துளைகள் நிறைந்த பகுதி இருக்கிறது. அந்தத் துளைகளின் அளவு ஏறக்குறைய சீராக இருந்தாலும் அவை எல்லாத் திசையிலும் பரவியிருப்பதால், எந்தக் கோணத்திலும் பெரும்பாலும் அதே நீலம் வருகிறது. வாய்க்கால் ஓரத்து வெண்மார்பு மீன்கொத்தியின் முதுகும் இப்படித்தான். கிளியின் பச்சை இன்னும் சுவாரசியம்: இந்த வகை நீலத்தோடு மஞ்சள் நிறமி சேர்ந்து பச்சையாகிறது.

சரி, கொல்லைக்கு வருவோம். தேன்சிட்டின் நிறம் வேண்டுமென்றால் சூரியன், நீங்கள், பறவை மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வர வேண்டும், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். மார்கழி, தை மாதங்களில் நம் பக்கம் சூரியன் தென்கிழக்கில் உதித்து, உச்சியிலும் தெற்கே சாய்ந்தே போகும். அதனால் காலையில் தென்கிழக்கை முதுகுக்கு வைத்து, பூச்செடி உங்களுக்கு வடமேற்கில் இருக்கும்படி உட்காருங்கள். பனி விலகியதும் கிடைக்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஈடே இல்லை. சித்திரையில் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வந்துவிடும். ஒளி முதுகில் விழும், தொண்டையும் மார்பும் நிழலில் போகும். அந்த நேரத்தில் கேமராவைத் தொடாமல் இருப்பதே மேல்.

அவசரப்பட்டுத் துரத்த வேண்டாம். உறிஞ்சிய பூவில் தேன் மறுபடி ஊறும் என்பதால் குருவி அதே பூக்களுக்குத் திரும்பி வரும், வரும்போது பழகின கிளையிலேயே உட்காரும். ஃபோக்கஸை அந்தக் கிளையில் வைத்துவிட்டு ஆடாமல் காத்திருங்கள். உட்கார்ந்து குடிக்கும்போது ஷட்டர் 1/500 நொடி போதும். பூவுக்கு முன்னால் சிறகடித்து நிற்கும் அந்தக் கணத்துக்கு 1/2000 வேண்டும்.

இன்னொரு சிக்கல் வெளிச்சத்தை அளக்கும் முறையில் இருக்கிறது. கேமரா தன் முன்னால் இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணி அளக்கிறது. பின்னால் இருட்டான வாழைத்தோப்பு இருந்தால் படத்தை வெளுப்பாக்கும், மின்னும் இடங்கள் வெந்து வெள்ளையாகிவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி குறையுங்கள். பின்னால் வெளுத்த வானம் இருந்தால் நேர்மாறு, ஒரு படி கூட்டுங்கள்.

எவ்வளவு நல்ல படமானாலும் பெண் தேன்சிட்டு ஆணிடம் பார்ப்பது அதில் வராது. நம் கண்ணில் நிறம் காணும் கூம்பு செல்கள் மூன்று வகை, கேமராவும் மூன்று நிறத்தையே பதிகிறது. பறவைகளுக்கு நான்கு வகை, அதனால் நமக்குத் தெரியாத நிறமும் அவற்றுக்குத் தெரியும்.

கூட்டை மட்டும் விட்டுவிடுங்கள். சிலந்தி வலை, நார், சருகு வைத்துப் பின்னிய பை போன்ற கூட்டைத் தேன்சிட்டு பல சமயம் வீட்டுக்குப் பக்கத்திலேயே தொங்கவிடும். எடுக்க எளிது என்றுதான் தோன்றும். நாம் திரும்பத் திரும்பப் போய் நிற்பதைக் காகமும் வால்காக்கையும் கவனிக்கும், மறைக்கும் கிளையை ஒதுக்கினால் கூடு அவற்றுக்குப் பளிச்சென்று தெரியும். தாய் பயந்து கூட்டைக் கைவிடவும் கூடும். ஒரு படத்துக்கு அந்த விலை கொடுக்கக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகையில் நாள் கணக்கில் மூட்டமாக இருக்கும்போது தேன்சிட்டின் மினுமினுப்பு மங்கிவிடும். அந்த நாட்களில் நிறமிப் பறவைகளைப் பாருங்கள். மழைக்காலத்தில் வலசை வரும் மாங்குயிலும், கொல்லையிலேயே குடியிருக்கும் வால்காக்கையும் தவிட்டுக்குருவியும் மூட்டத்தின் மென்மையான வெளிச்சத்தில், கரடான நிழல் விழாமல், வெயிலில் வருவதைவிடவும் அழகாக வரும்.