இறைச்சிக்காகக் கால்நடைகளை லாரியில் ஏற்றிச் செல்வதற்கான விதிகளும் சுற்றுச்சூழலும்

இறைச்சிக்காக மாடு, ஆடு, பன்றி ஆகியவற்றைச் சாலை வழியே கொண்டு செல்வோரை முக்கியமாக இரண்டு விதித்தொகுப்புகள் கட்டுப்படுத்துகின்றன. ஒன்று, மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960-இன் கீழ் வந்த விலங்குகள் போக்குவரத்து விதிகள், 1978. மற்றொன்று, மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்டு 2016 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள விதி. விலங்கின் துன்பத்தைக் குறைப்பதற்காக எழுதப்பட்டவை என்றாலும், இவை ஒழுங்காக அமலானால் மண்ணுக்கும் நீருக்கும் காற்றுக்கும் கூடப் பயன் உண்டு.

மாடுகளை ஏற்றுவதற்கு முன், அவை பயணத்துக்குத் தகுதியானவை என்றும் தொற்றுநோய் இல்லாதவை என்றும் கால்நடை மருத்துவர் சான்று அளிக்க வேண்டும்; சான்று இல்லாவிட்டால் ஏற்ற மறுக்க வேண்டியது வாகனக்காரரின் கடமை. ஒரு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. தரையில் தென்னை நார் விரிப்பு போன்ற வழுக்காத பொருள் வேண்டும், உடன் ஓர் ஆள் செல்ல வேண்டும், வேறு சரக்கு ஏற்றக் கூடாது. மோட்டார் வாகன விதியின்படி மாடு அல்லது எருமை ஒன்றுக்கு 2 சதுர மீட்டர், ஆட்டுக்கு 0.3, பன்றிக்கு 0.6 சதுர மீட்டர் என்ற அளவில் நிலையான தடுப்புகள் இருக்க வேண்டும். ஆறு மாடுகளுக்கு 12 சதுர மீட்டர் என்றால், ஏறத்தாழ 19 அடி நீளமும் 7 அடி அகலமும் உள்ள லாரி முழுவதும் தேவைப்படும். சாலையில் நாம் பார்க்கும் அடிமாட்டு லாரிகளில் எத்தனை இந்தக் கணக்குக்குள் அடங்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து கேரளத்துக்கு மாடு ஏற்றிச் செல்லும் லாரியின் பின்னால் சென்றவர்களுக்கு, தளப் பலகை இடுக்கு வழியே சாணமும் மூத்திரமும் சாலையில் ஒழுகுவது தெரிந்திருக்கும். தொழுவத்தில் உரமாகும் அதே பொருள் இங்கே மழைநீரோடு கலந்து ஓடைக்குப் போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒழுங்குமுறை (2005-ஆம் ஆண்டின் எண் 1), வாகனத் தளம் கழிவு கசிவதைக் குறைக்கும்படி அமைய வேண்டும் என்று வெளிப்படையாகக் கூறுவதோடு, எட்டு மணி நேரத்தைத் தாண்டும் பயணத்துக்குக் கூடுதல் நிபந்தனைகளையும் விதிக்கிறது. நம்முடைய விதிகளிலும் இத்தகைய வரி ஒன்று சேர்க்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

லாரிப் புகையை மட்டும் வைத்து இறைச்சியின் சுமையை அளப்பது சரியாகாது. மனிதச் செயல்களால் உண்டாகும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடைத் துறையிலிருந்து வருவதாக ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பு 2013-இல் கணக்கிட்டது. அதில் பெரும்பகுதி தீவன உற்பத்தியிலிருந்தும் மாடுகளின் அசைபோடும் செரிமானத்திலிருந்தும் வருவதே தவிர, போக்குவரத்தின் பங்கு சிறியது. லாரிக்கு ஆறு மாடுகள் என்ற வரம்பைக் கடைப்பிடித்தால் நடைகள் கூடி டீசல் செலவும் கூடும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதற்காக மாடுகளை நெருக்கி அடைப்பது தீர்வாகாது. கடக்கும் தூரத்தைக் குறைப்பதே வழி. உயிருள்ள மாட்டின் எடையில் பாதியளவே இறைச்சியாகிறது. மீதியையும் நெடுந்தூரம் சுமந்து செல்வதைவிட, சந்தைக்கு அருகிலுள்ள உரிமம் பெற்ற இறைச்சிக்கூடத்தில் அறுத்து, இறைச்சியைக் குளிர்பதன வண்டியில் அனுப்பினால் ஏற்றும் எடை குறையும், கழிவும் ஓரிடத்தில் சேர்ந்து சாண எரிவாயுவுக்கோ உரத்துக்கோ பயன்படும். குளிரூட்டலுக்கும் ஆற்றல் செலவாகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நோய்ப் பரவலைத் தடுப்பதற்கெனக் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2009 இருக்கிறது. நோய் கண்ட பகுதி கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கப்பட்டால், அந்நோய்க்கு உள்ளாகும் கால்நடைகளை அங்கிருந்து வெளியே கொண்டு செல்லக் கட்டுப்பாடு உண்டு.

விதி மீறி ஏற்றப்பட்ட வாகனத்தைக் கண்டால், வண்டி எண், இடம், நேரம் ஆகியவற்றைக் குறித்துக் காவல் நிலையத்தில் புகார் அளிக்கலாம். தடுப்பும் இட அளவும் தொடர்பான மீறலை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் தெரிவிக்கலாம். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் முதல் குற்றத்துக்கான அபராதம் 10 முதல் 50 ரூபாய் மட்டுமே என்பதால், மோட்டார் வாகன விதியையும் சேர்த்துக் குறிப்பிட்டுப் புகாரை எழுதுவது நல்லது.